எல்லைக் கணக்கு – 9: ஆற்றுக்கு எவ்வளவு விட்டுவைத்தோம்?

போன வாரம் பூமி முழுமைக்கும் போட்ட கணக்கைப் பார்த்தோம். யோஹான் ராக்ஸ்ட்ரோம் என்ற விஞ்ஞானியின் குழு 2009-ல் பூமியின் தாங்குதிறனுக்கு வகுத்த ஒன்பது எல்லைகளில் ஆறைத் தாண்டிவிட்டோம் என்று 2023-ல் வந்த ஆய்வு சொன்னது. அவ்வளவு பெரிய கணக்கைக் கேட்டால் மலைப்புதான் மிஞ்சும். இந்த வாரம் நம் காலடிக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் குறுவட்டம் குறுவட்டமாக மதிப்பிடுகிறார்கள். சில கிராமங்கள் சேர்ந்தது ஒரு குறுவட்டம்; பிர்கா என்றும் சொல்வார்கள். மழையாலும் ஏரி, வாய்க்கால் கசிவாலும் ஆண்டுக்கு மண்ணுக்குள் இறங்குவது வரவு. இறைத்து எடுப்பது செலவு. நூறு வந்து எழுபது வரை செலவானால் அந்தக் குறுவட்டம் 'பாதுகாப்பானது'. தொண்ணூறைத் தாண்டினால் நெருக்கடி. நூறையும் தாண்டினால் மிகை நுகர்வு. 2020 மதிப்பீட்டில் 1,166 குறுவட்டங்களில் 435 மிகை நுகர்வில் இருந்தன. பாதுகாப்பானவை 409.

வரவுக்கு மேல் எப்படிச் செலவழிப்பது? சேமிப்பில் கைவைத்துத்தான். ஆனால் நம் சேமிப்பு மிகச் சிறியது. மாநிலத்தின் முக்கால் பங்குக்கு அருகில் கடினப் பாறை. மேலே உளுத்த பாறை, அடியில் வெடிப்புகள், தண்ணீர் நிற்பது அவற்றில்தான். நூறு லிட்டர் கொள்ளும் இடத்தில் உளுத்த பாறை விட்டுக்கொடுப்பது ஒன்றிரண்டு லிட்டர். ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 60,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஐந்து நடை. ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்பார்கள். அத்தனையும் கிணற்றிலிருந்தே இறைத்தால் அந்த ஏக்கருக்கு அடியில் 80 மீட்டர் வற்ற வேண்டும்! மழை கொஞ்சம் தரும், வயலில் கட்டிய நீரில் ஒரு பகுதி கசிந்து திரும்பும். மற்றதெல்லாம் பக்கத்து நிலத்துத் தண்ணீர். ஐப்பசி மழைக்குக் கிணறு மளமளவென்று ஏறுவதும், தை கழிந்ததும் தரை தெரிவதும் இதனால்தான்.

மேல்பாறை வற்றியதும் போர் போட ரிக் வண்டி வருகிறது. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறார்கள், அடிக்கு இவ்வளவு என்று பேசி இறக்குகிறார்கள். அப்பா காலத்தில் முந்நூறு அடியில் தண்ணீர் கண்ட தோட்டத்தில் மகன் ஆயிரம் அடிக்குப் போகிறார். பல நேரம் பறப்பது பாறை மாவுதான். போர் போட வாங்கிய கடனை அடைக்கப் பயிர் வேண்டும், பயிருக்கு இன்னொரு போர். இதில் விவசாயியைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வராது. பக்கத்துத் தோட்டத்தில் ஆழமாக இறங்கிவிட்ட பிறகு, இவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் மிஞ்சிவிடுமா?

செலவுக் கணக்கும் உத்தேசம்தான். விவசாய மின்சாரம் 1990 முதல் இலவசம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. ஆகவே கிணறுகளின் எண்ணிக்கையைச் சராசரி இறைப்பால் பெருக்கிச் செலவைச் சொல்கிறார்கள்.

என்னை உறுத்துவது இதுவும் அல்ல. வரவிலிருந்து முதலில் ஒரு பங்கைக் கழித்த பிறகே மேற்படி நூறு தொடங்குகிறது. தானாக ஊறி வெளியேறும் நீருக்கான பங்கு அது. எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு ஐந்து, அல்லது பத்து. மழை நின்று மாதங்கள் கழிந்தும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதே, அது கரை நிலத்திலிருந்து ஊறி வருவது. ஓடைக்கும், மடுவுக்கும், மடுவில் தப்பிப் பிழைக்கும் மீனுக்கும் அந்தப் பங்குதான். மிச்சம் தொண்ணூறோ தொண்ணூற்றைந்தோ மனிதருக்கு! அதில் எழுபது சதவீதத்தை எடுத்துவிட்டாலும் பட்டியலில் 'பாதுகாப்பானது' என்றே வரும். அந்தச் சொல் மோட்டாருக்குப் பொருந்தலாம். ஆறு அதில் எங்கே இருக்கிறது?

பாலாற்றங்கரையில் ஊற்றுக்கால் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஆற்று மணலைத் தோண்டி, அடியில் ஊறும் நீரை வாய்க்காலாக வயலுக்கு நடத்திப் போவார்கள். சரிவே தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆற்றின் நீர்மட்டம் வாய்க்கால் தரைக்குக் கீழே போனால் ஊற்றுக்கால் நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு குடம்கூட அதனால் எடுக்க முடியாது. எல்லை அந்த அமைப்பிலேயே இருந்தது. மேலே தடுத்த தண்ணீர், அள்ளிய மணல், கரையெங்கும் பெருகிய கிணறுகள் எல்லாம் சேர்ந்து நீர்மட்டத்தைக் கீழே தள்ளின. ஊற்றுக்கால்கள் பல தூர்ந்து போயின. மோட்டாரோ குழாயை நீட்டிக்கொண்டு இன்னும் கீழே போகும்.

குறுவட்டப் பட்டியலில் இன்னொரு கட்டம் வேண்டும் என்று கேட்கிறேன்: பங்குனி, சித்திரையில் அந்தப் பகுதியின் ஆற்றிலும் ஓடையிலும் எத்தனை நாள் ஊற்று ஓடியது? அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. ஓர் அளவுகோலும், கோடையில் வாரம் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கிற ஓர் ஆளும் போதும்.