ஓலையைப் பார்த்து ஆய்வுக் கேள்வி எழுதும் முறை

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கணினி அறிவியல் மாணவரிடம் பல்கலைக்கழகங்கள் ஒரு சிறு கட்டுரை கேட்கும். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், எதை ஆராய விரும்புகிறீர்கள் என்ற இரண்டையும் அதில் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் எழுதுவதில் முதல் பாதி மதிப்பெண் பட்டியலாக இருக்கும். மறுபாதி 'செயற்கை நுண்ணறிவு, இயந்திரக் கற்றல், கணினிப் பார்வை' என்று பாடத்திட்டத்தின் பொருளடக்கமாக நீளும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டே இருக்காது. பெயரை மாற்றினால் யாருடைய விண்ணப்பத்திலும் அதைச் சேர்த்துவிடலாம்.

பிறந்த ஊர் கண்ணில் காட்டியதிலிருந்தே நல்ல ஆய்வுக் கேள்வி எடுக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு மேல்சித்தாமூரை எடுத்துக்கொள்கிறேன். செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கும். கோட்டைக்குக் கிழக்கே உள்ள மேல்சித்தாமூர்தான் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். காஞ்சிபுரத்தில் வேர்கொண்ட ஜினகாஞ்சி மரபு இது. மடாதிபதியான பட்டாரகருக்கு லட்சுமிசேனர் என்பது வழிவழி வரும் பட்டப்பெயர். பெரிய பார்சுவநாதர் கோயிலும், பாறையில் செதுக்கிய உருவங்கள் உள்ள மலைநாதர் கோயிலும் அங்கே உண்டு. மடத்தில் ஓலைச்சுவடிகளும் உண்டு. இந்தப் பகுதியில் வளர்ந்து, திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பொறியியல் படிக்கும் ஒரு பெண்ணையோ பையனையோ மனத்தில் வைத்து வழியைச் சொல்கிறேன்.

கணினியைத் திறக்காமல் தொடங்க வேண்டும். மடத்தாரிடம் அனுமதி பெற்று, ஏடுகளைப் பராமரிப்பவர் பிரித்துக் காட்ட, ஒரே ஓர் ஏட்டை நெடுநேரம் பாருங்கள். நீங்களாகத் தொட வேண்டாம். காய்ந்த ஓலை விளிம்பில் சட்டென்று ஒடியும். கண்ணில் படுவதை நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். எழுத்து மையால் எழுதப்பட்டதல்ல, எழுத்தாணியால் கீறப்பட்டது. கீறலில் கரியோ பச்சிலைச் சாறோ தேய்த்ததால்தான் கறுப்பாகத் தெரிகிறது. அந்தப் பூச்சு போன இடத்தில் எழுத்து வெறும் பள்ளமாக இருக்கிறது. ஓலையைச் சாய்த்துப் பிடித்தால் நிழலில் தெரிகிறது, நேராகப் பிடித்தால் மறைகிறது. ஓலையின் நரம்புகள் எழுத்து வரிகளுக்கு இணையாக ஓடுகின்றன. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுதியவர் இடம் விட்டிருக்கிறார். இராமபாணப் பூச்சி துளைத்த இடத்தில் இடம் விட யாரும் இல்லை.

பிறகு எழுத்தைப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு. இன்று நாம் எழுதும் வேறுபாடு வீரமாமுனிவர் காலத்துக்குப் பின் வழக்கத்துக்கு வந்தது. காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். சமணச் சுவடியானால் இன்னொன்றும் சேரும். ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூலில் வடசொல் கிரந்த எழுத்திலும் தமிழ்ச்சொல் தமிழ் எழுத்திலுமாக ஒரே வரியில் கலந்து வரும். இந்தக் குறிப்புகள்தான் உங்கள் கட்டுரையின் விதைநெல். உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கும் இவை எளிதில் கிடைக்காது.

அடுத்து, இதே வழியில் முன்னால் போனவர்களைத் தேட வேண்டும். இந்தத் துறையில் தமிழ் மாணவர்கள் முதலில் அறிய வேண்டிய பெயர் வினோத் ராஜன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பழைய எழுத்துகளை எழுதிய கை எப்படி அசைந்திருக்கும், அதற்கு எவ்வளவு உழைப்புத் தேவைப்பட்டிருக்கும் என்பதை எண்களால் அளப்பது அவருடைய ஆய்வு. இந்திய எழுத்துமுறைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் அக்ஷரமுக, செய்யுளின் யாப்பைப் பிரித்துக் காட்டும் அவலோகிதம் ஆகிய மென்பொருள்களும் அவர் செய்தவையே. எழுத்தின் மேல் இருந்த ஈடுபாட்டையே கணினியியல் ஆய்வாக மாற்றிக்கொண்டவர் அவர். அது நடக்கக்கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வெளியேயும் பாருங்கள். பாலித் தீவின் லோந்தார் ஓலைகளைக் கணினி படிப்பதற்கென்று 2016இல் ஆய்வாளர்களிடையே ஒரு போட்டியே நடந்தது. பக்கத்திலேயே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்புகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. ஒரு நாளில் போய்வரும் தூரம்தான். போய், சுவடியை எப்படிப் படம் எடுக்கிறார்கள், எப்படிப் பட்டியலிடுகிறார்கள் என்று கேட்டுவாருங்கள்.

ஏடு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் உட்காராமல் இந்த வேலை நிறைவு பெறாது. உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்ததற்குப் பின்னால் கும்பகோணத்துச் சமணர்களிடம் அவர் கேட்டுத் தெளிந்த உழைப்பு இருக்கிறது. பெரியவர் படிக்கும்போது அவர் வாயைக் கவனியுங்கள். புள்ளியில்லாத வரியைக் கண்ணால் மட்டும் பார்த்து அவர் முடிவு செய்வதில்லை. ராகம் போட்டு இழுத்துப் பார்க்கிறார். ஓசை இடறினால் திரும்பிப் போய் வேறு விதமாகப் பிரிக்கிறார். கண் திணறும் இடத்தில் காது முடிவு சொல்கிறது. இதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் உங்கள் ஆய்வுக் கேள்வி இங்கிருந்துதான் வரும்.

இனி ஒரு சிறு சோதனை. மடத்தார் இசைந்தால் சில ஏடுகளைப் படம் எடுக்கலாம். மின்வெட்டொளி வேண்டாம். விளக்கை ஒரு பக்கமாகத் தாழ வைத்து ஒரு படம், நேர் ஒளியில் இன்னொரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல் போதும். படத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பிரிப்பது முதல் கட்டம். ஜப்பானியரான ஓட்சு 1979இல் தந்த முறை படம் முழுவதற்கும் ஒரே வாசலை வைக்கிறது: அதற்குக் கீழே எழுத்து, மேலே ஓலை. பழுப்பேறிய ஓலையில் நடுப்பகுதி வெளிறியும் ஓரம் கறுத்தும் இருப்பதால் ஓரம் முழுவதும் எழுத்தாகிவிடும். பின்லாந்தின் சவோலாவும் பியத்திகைனனும் 2000இல் வெளியிட்ட முறை ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்தைப் பார்த்து வாசலைத் தனித்தனியாக வைக்கிறது. அது ஓரத்தைக் காப்பாற்றும். ஆனால் நரம்புகளையும் எழுத்துக் கோடுகளாக எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எங்கே எது தவறுகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இந்தத் தவறுகளின் பட்டியலுக்கு, 'தொண்ணூறு சதவீதம் வெற்றி' என்ற அறிவிப்பைவிட விண்ணப்பத்தில் மதிப்பு அதிகம்.

வரி பிரிப்பது, எழுத்து அறிவது இரண்டுக்கும் ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். ஒன்று மட்டும் புரிந்திருக்க வேண்டும்: 2006இல் அலெக்ஸ் கிரேவ்ஸும் உடன் ஆய்வாளர்களும் தந்த சிடிசி என்ற பயிற்சி முறைக்குப் பின், ஒவ்வோர் எழுத்தையும் தனியாக வெட்டித் தர வேண்டியதில்லை, ஒரு வரியின் படத்தையும் அந்த வரியின் வாசகத்தையும் கொடுத்தால் போதும். இடைவெளியே இல்லாமல் எழுதிய ஓலைக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் 'வரியின் வாசகம்' எது? இந்த இடத்தில் மாணவர் நின்று யோசிக்க வேண்டும். ஏட்டில் 'கலவி' என்று இருக்கிறது. படித்தவர் 'கல்வி' என்கிறார். கணினிக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே கொடுத்தால் அதன் விடை யாருக்கும் எளிதில் படிக்க வராது. படித்தவர் சொன்னதைக் கொடுத்தால், படத்தில் இல்லாத புள்ளியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம்; அது கண்ணின் வேலையல்ல, மொழியறிவின் வேலை. என் கருத்து, இரண்டையும் இரண்டு அடுக்காக வைத்திருக்க வேண்டும் என்பது. முதல் அடுக்கில் ஏடு உள்ளபடி, இரண்டாம் அடுக்கில் வாசித்தபடி. கிரந்தப் பகுதியைக் கிரந்தமாகவே பதியலாம். 2014 முதல் யூனிகோடில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கணினி எப்படிக் கடக்கும் என்பதுதான் ஆய்வு.

இப்போது கேள்வியைச் சுருக்கலாம். பெரியவரின் காது செய்ததைக் கணினி செய்யுமா? கல்வி தேமா, கலவி புளிமா. விருத்தத்தில் பல இடங்களில் இரண்டு மாச்சீரும் ஒன்றின் இடத்தில் ஒன்று வரலாம் என்பதால் சீர்க் கணக்கு மட்டும் இங்கே கைகொடுக்காது. எதுகை கொடுக்கும். அந்தச் சொல் அடியின் முதலில் நின்று, மற்ற மூன்று அடிகளின் இரண்டாம் எழுத்தும் 'ல்' என்று தெளிவாக இருந்தால் அது கல்விதான்.

இதைவிடக் கூர்மையான ஒரு விதி நம்மிடம் இருக்கிறது. கட்டளைக் கலித்துறையில் ஓர் அடி நேரசையில் தொடங்கினால் மெய்யெழுத்து நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. அமிதசாகரர் என்ற சமண ஆசிரியர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகையே இந்தப் பாவடிவில் அமைந்ததுதான். கணினிக்காரர் கண்ணால் இதைப் பாருங்கள். புள்ளியில்லாத ஓலையில் நேரசையில் தொடங்கும் ஓர் அடிக்கு 23 எழுத்துகள் எண்ண முடிந்தால், அவற்றில் சரியாக 7 எழுத்துக்குப் புள்ளி வர வேண்டும். எந்த 7 என்று தெரியாது. எத்தனை என்று ஐயமில்லாமல் தெரியும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் மற்றப் பதினொன்றும் சரியா என்று காட்டிக்கொடுப்பது போல, யாப்பு தன் எழுத்துகளுக்குத் தானே காவல் நிற்கிறது. அந்தாதி நூலானால் இன்னொரு காவலும் உண்டு: ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். ஓரம் ஒடிந்த ஏட்டில் இழந்த சொல் அடுத்த பாட்டில் பத்திரமாக இருக்கும். மயிலாப்பூர் நேமிநாதர் மேல் அவிரோதியாழ்வார் பாடிய திருநூற்றந்தாதி அப்படிப்பட்ட நூல். அந்த நேமிநாதர் திருவுருவம் கடலுக்கு அஞ்சிச் சித்தாமூருக்குக் கொண்டுவரப்பட்டது என்பது சமணர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. தன் ஊரோடு இப்படிப் பிணைந்த ஒரு நூலில் சோதனையைத் தொடங்கும் வாய்ப்பு எத்தனை மாணவருக்குக் கிடைக்கும்!

ஆகவே கேள்வி இது: 'புள்ளியில்லாத ஓலைச் செய்யுளைக் கணினி படிக்கும்போது யாப்பு விதிகளைச் சேர்த்தால் எழுத்துப் பிழை எவ்வளவு குறையும்?' அளக்கும் வழியும் தெளிவு. கணினியின் விடையைச் சரியான வாசகமாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்கவும் நீக்கவும் மாற்றவும் வேண்டியிருக்கிறது என்று எண்ணி, மொத்த எழுத்தால் வகுக்க வேண்டும். யாப்பு விதியோடு ஒருமுறை, அதில்லாமல் ஒருமுறை.

கேள்வியோடு ஆபத்தையும் எழுதுங்கள். ஏடு எழுதியவர் உண்மையிலேயே வேறு பாடத்தை எழுதியிருக்கலாம். அல்லது அவர் கை தவறி யாப்பு கெட்டிருக்கலாம். யாப்பு விதியை இறுக்கிப் பிடித்தால் கணினி அந்தப் பாடபேதத்தைத் 'திருத்தி' அழித்துவிடும். பதிப்பாசிரியருக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. அதனால் யாப்பு தன் விருப்பத்தைச் சொல்லலாம், உத்தரவு போடக் கூடாது. ஏட்டில் உள்ளது முதல் அடுக்கில் எப்போதும் நிற்க வேண்டும். தன் முறை எங்கே கெடுதல் செய்யும் என்று தானே சொல்லத் தெரிந்த மாணவரைத்தான் ஆய்வு நெறியாளர்கள் தேடுகிறார்கள்.

இனிக் கட்டுரையை எழுத உட்காரலாம். பின்னணிப் பத்தியில் கேள்விக்கு உதவுகிற வாழ்க்கை மட்டும் போதும். 'சிறு வயதிலிருந்தே கணினியில் ஆர்வம்' என்ற வரியை அடித்துவிடுங்கள். வீட்டுக் கஷ்டத்தை எழுதுவதில் தவறில்லை. அது உங்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது என்பதும் கூடவே வர வேண்டும். சமணக் குடும்பமானால் வீட்டில் கேட்ட பாட்டு ஒரு தகுதி. வேறு குடும்பமானால், கேட்டுக் கற்றுக்கொண்டேன் என்பதே தகுதி. மாதிரிக்கு: 'செஞ்சி வட்டத்தில் வளர்ந்தேன். மேல்சித்தாமூர் மடத்து ஏடுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அமர்ந்து, புள்ளியில்லாத வரியை அவர் ஓசையால் பிரிப்பதைக் கண்டேன். அந்த ஓசையறிவை எழுத்தறியும் கணினிக்குத் தருவது என் ஆய்வு விருப்பம்.' இவ்வளவுதான். இதற்குக் கீழே சோதனையின் விவரம், தவறுகளின் பட்டியல், கேள்வி, அளவுகோல், ஆபத்து. படித்த பாடங்களும் நிரல்மொழிகளும் கடைசியில் இரண்டு வரி.

வரைவை இருவரிடம் கொடுங்கள். ஏடு படிப்பவரிடம் கொடுத்து, ஓலையைப் பற்றிச் சொன்னது சரியா என்று கேளுங்கள். கணினி ஆசிரியரிடம் கொடுத்து, சோதனை நடக்கக்கூடியதா என்று கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தில் முகம் சுளித்தால் அந்தப் பத்தியைப் புதிதாக எழுத வேண்டும். மடத்துச் சுவடியின் படம் எதையும் அவர்கள் இசைவில்லாமல் விண்ணப்பத்திலோ வேறு எங்குமோ சேர்க்கக் கூடாது. படங்களின் ஒரு தொகுப்பை மடத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு, கடைசித் தேதிக்குக் காத்திராமல், அனுப்பிவிடுங்கள்.