உத்திரமேரூர் சுவரில் ஒரு அரசியல் பாடம்

அரசியல் புரிய என்ன படிக்கலாம் என்று கேட்டால் தடித்தடியான புத்தகங்களின் பெயரைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். உத்திரமேரூர்க்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரே ஒரு புத்தகம்.

அதில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, மற்றது 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்பவை. பள்ளிப் பாடம் அதை 'குடவோலை முறை' என்று ஒரே மூச்சில் முடித்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் சுவாரசியம். முதலில் 30 முதல் 60 என்றிருந்த உறுப்பினர் வயது வரம்பு, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று மாறுகிறது. சட்டத்திருத்தம் நேற்று வந்த பழக்கமல்ல!

வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவரோடு போகவில்லை விஷயம். சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனர், மருமகன் என்று உறவு முழுக்க வெளியே நிற்க வேண்டும். பினாமியை அன்றே யோசித்திருக்கிறார்கள்.

ஓலை எடுப்பதிலும் அதே சந்தேகக் கண். ஊரின் 30 குடும்புகளின், அதாவது பிரிவுகளின், ஓலைக்கட்டுகள் குடத்தில் இருக்கும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் அதை ஊரார் காணத் தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தருவான். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவர் படித்த பெயரை நம்பிமார் அத்தனை பேரும் திரும்பப் படிக்க வேண்டும்.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி இந்த ஊரைக் குறிப்பிட்டார். அந்தப் பெருமையைக் கேட்கும்போது சுவரின் இன்னொரு வரியும் நினைவிருக்க வேண்டும். இந்த ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் இருந்தவருக்கே பொதுவாகக் குடத்தில் இடம். உழுதவர்களுக்கு இல்லை.

ஆகவே வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலோடு நின்றுவிடக் கூடாது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவையும் படிக்கலாம். திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்க் கல்வெட்டுகளைக் கொண்டு, நிலம் யார் கையில் இருந்தது என்று பார்த்தவர் அவர்.

பிறகு அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி. சில பக்கங்கள்தான், தமிழிலேயே கிடைக்கிறது. 1993 ஏப்ரல் 24 முதல் ஊராட்சிகளுக்கு அதுதான் ஆதாரம். கையோடு 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் பார்த்துவிடலாம். குடவோலையில் பெண்ணுக்கு இடமில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 2016 முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு.

நடப்புச் செய்தி வேண்டுமென்றால் ஊராட்சி வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிராம சபை கூடும். அங்கே அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.