ஸ்டேட் தெருப் பிள்ளைகள்: அன்றும் இன்றும்

சிகாகோவின் தெற்குப் பகுதியில், ஸ்டேட் தெரு ஓரமாக 28 கட்டடங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் 16 மாடி. 1962-இல் கட்டி முடித்த அரசுக் குடியிருப்பு. பெயர், ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ். நகர வீட்டுவசதி ஆணையத்தின் முதல் கறுப்பினத் தலைவர் டெய்லர். வெள்ளையர் பகுதிகளில் ஏழைகளுக்கு வீடு கட்ட நகர மன்றம் இடம் தராததால் 1950-இல் பதவி விலகியவர். அவர் எதிர்த்த ஒதுக்கலையே வானுயரக் கட்டி, அவர் பெயரைச் சூட்டியது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

அங்கு குடியிருந்த சுமார் 27,000 பேரில் 20,000 பேர் பிள்ளைகள். இந்தக் குடியிருப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில் தொடங்குவார்கள். வரலாற்றாசிரியர் பிராட்ஃபோர்ட் ஹன்ட் தொடங்கியது தலைக்கணக்கில். சிகாகோவின் பெரும்பாலான பகுதிகளில் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். இங்கோ ஒரு பெரியவருக்கு ஏறக்குறைய மூன்று பிள்ளைகள். கண்டிக்க, கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் ஏது? விளையாட இடமும் போதாமல் லிஃப்டே விளையாட்டுச் சாமானாயிற்று. அது நின்றுபோனால் தாய்மார்கள் கைக்குழந்தையோடும் மளிகைப் பையோடும் படியேறினார்கள். வீட்டு வாசலில் நீண்ட திறந்த நடை. யாரும் விழுந்துவிடாதபடி தரையிலிருந்து கூரைவரை கம்பிவலை. அதற்குள்தான் ஓட்டமும் ஆட்டமும். மேற்கே டான் ரயன் நெடுஞ்சாலை, அதைத் தாண்டினால் வெள்ளையர் பேட்டைகள்.

கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் நிரம்பி வழிந்தபோது, வெள்ளையர் பள்ளிகளில் காலி இருக்கைகள் இருந்தன. அங்கே அனுப்ப மனமில்லாமல், பள்ளித் துறைத் தலைவர் பெஞ்சமின் வில்லிஸ் டிரெய்லர் வகுப்பறைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ‘வில்லிஸ் வேகன்’ என்று மக்கள் அவற்றை வெறுத்தார்கள். இதை எதிர்த்து, 1963 அக்டோபர் 22 அன்று 2 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை.

ராபர்ட் டெய்லர் ஹோம்ஸின் கடைசிக் கட்டடம் 2007-இல் இடிக்கப்பட்டது. இன்று அங்கே சில தாழ்வான வீடுகள், நிறையப் புல்தரை. 1980-இல் 12 லட்சத்தை ஒட்டியிருந்த சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 2020-இல் 8 லட்சத்துக்கும் கீழே. 2013-இல் நகரம் சுமார் 50 பள்ளிகளை மூடியது. சொன்ன காரணம், பிள்ளைகள் போதவில்லை என்பது. பள்ளி மாறியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். புதுப் பள்ளிக்குப் போகும் வழி வேறு கும்பலின் தெருவாக இருக்கலாம் என்பதால், பளிச்சென்ற மேலங்கி அணிந்த பெரியவர்களைக் காலையும் மாலையும் தெருமுனைகளில் நிறுத்துகிறார்கள். பலர் அதே பேட்டைக்காரர்கள்; வருகிற பிள்ளைகளில் பலரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள்.