காவல் நாயின் கண்ணோயும் அதற்குரிய பரிகாரமும்

வஸ்கமுவ தேசியப் பூங்காவை அடுத்துள்ள வில்கமுவப் பகுதியில் இரவுக் காவல் புரியும் கமக்காரருக்கு நாய் இன்றியமையாத துணையாகும். யானையோ காட்டுப்பன்றியோ வேலியை அணுகும்போது முதலில் அறிந்து குரைப்பது அதுவே. ஆயினும் அதன் கண்ணில் நீர் வடிந்தால், "தானாக மாறிவிடும்" என்று பலர் விட்டுவிடுகின்றனர். கருவிழியில் உண்டாகும் சிறு புண் ஓரிரு நாளிலேயே ஆழமாகிப் பார்வையைக் கெடுத்துவிடக்கூடும். ஆதலால் கீழ்வரும் விஷயங்களைக் கவனித்தல் நன்று.

அடையாளங்கள்

1. இரு கண்களிலும் தெளிந்த நீர் வடிந்து, நாய் மற்றப்படி உற்சாகமாய் இருந்தால், தூசு அல்லது புகை காரணமாயிருக்கலாம். சூடடிக்கும் காலத்தில் இது சாதாரணம்.

2. ஒரு கண்ணை மாத்திரம் இறுக மூடிக்கொண்டு, முன்காலால் தேய்த்தால், நெற்சுணை, புல்லின் கூர், முள் முதலியவற்றுள் ஒன்று உள்ளே இருக்கலாம். அல்லது கருவிழி காயமடைந்திருக்கலாம்.

3. மஞ்சள் அல்லது பச்சை நிறமான தடித்த பீளை, கிருமித் தொற்றைக் காட்டும். கண்ணீர் குறைந்து கண் வறண்டாலும் பசைபோன்ற பீளை ஓயாது தோன்றும்.

4. பீளையோடு காய்ச்சல், மூக்குச்சளி, இருமல், கழிச்சல், உடல் வெட்டுதல் ஆகியன சேர்ந்தால் 'டிஸ்டெம்பர்' எனும் கொடிய தொற்றுநோயாயிருக்கலாம். அந்நாயை ஏனைய நாய்களிடமிருந்து உடனே பிரித்துக் கட்டுக.

கண்ணைக் கழுவும் முறை

அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். சாதுவான நாயும் நோவினாற் கடிக்கக்கூடும். ஆதலால் ஒருவர் அதனைப் பிடித்துக்கொள்ளல் வேண்டும். பஞ்சை உப்புநீரில் நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சைப் பாவியுங்கள். தூசு இருந்தால் உப்புநீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். எருக்கம்பாலோ சுண்ணாம்போ பட்டிருந்தால் உப்புநீருக்காகக் காத்திராது, கிடைக்கும் சுத்தமான நீரால் உடனே கால் மணி நேரமேனும் கழுவி, வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். குத்தி நிற்கும் முள்ளை நீங்களே பிடுங்கலாகாது.

செய்யத்தகாதவை

தாய்ப்பால், புகையிலைச் சாறு, எலுமிச்சம் புளி முதலியவற்றைக் கண்ணில் விடாதீர்கள். வீட்டில் எஞ்சியிருக்கும் மனிதருக்கான கண்மருந்தும் ஆபத்தானதே. அதில் 'ஸ்ரெரொயிட்' கலந்திருந்தால், கருவிழிப் புண் ஆறாது மேலும் ஆழமாகித் துளைபடவும் கூடும். மிருக வைத்தியர் பச்சை நிறம் காட்டும் சாயத்தை இட்டுப் புண் உண்டோ என்று பார்த்த பின்னரே தக்க மருந்தைத் தீர்மானிப்பார். வறட்சியைக் காகிதத் துண்டினால் அளப்பார். ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் நனைதல் இயல்பு.

கண் மூடியே இருந்தாலும், கருவிழி வெண்மையாகவோ நீலமாகவோ மாறினாலும், கண் பிதுங்கினாலும், அன்றைக்கே வைத்தியரை நாடுங்கள்.

தடுப்பு முறைகள்

சூடடிக்கும்போது நாயைக் களத்துக்கு அப்பால், காற்று வரும் திசையிற் கட்டுங்கள். உண்ணிகளை ஒழியுங்கள், அவை பரப்பும் காய்ச்சல் கண்ணின் உட்பகுதியையும் தாக்கும். டிஸ்டெம்பர் தடுப்பூசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் நிறையும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கொருமுறை போடுவித்தல் வேண்டும்.

இதிற் காட்டின் நலமும் அடங்கியுள்ளது. 1994 இல் ஆபிரிக்காவின் செரங்கெற்றியில் சிங்கங்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இந்நோயால் மாண்டது. அயற்கிராம நாய்களிடமிருந்தே அது பரவியதென ஆராய்ச்சியாளர் கருதினர். 2018 இல் இந்தியாவின் கிர் காட்டுச் சிங்கங்களிடையேயும் இந்நோய் காணப்பட்டது. சிறுத்தைகள் வாழும் காட்டின் அருகிற் குடியிருக்கும் நாம் இதனை மறத்தலாகாது.

இரவெல்லாம் உங்கள் பயிரைப் பார்த்திருக்கும் கண்களைப் பகலில் ஒருமுறை நீங்கள் பாருங்கள்.