புதுப்பிப்புக்குப் பின் முடங்கிய கணினி: தூக்கி எறியும் முன் துப்பறிவோம்!

நேற்றிரவு வரை ஒழுங்காக ஓடிய பழைய மடிக்கணினி அது. இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆனது. இன்று காலையில் ஆமை வேகம், அல்லது ஒலி வரவில்லை, அல்லது திரை முழுவதும் கறுப்பு. உள்ளே நாளை ஒப்படைக்க வேண்டிய இடுபணி இருக்கிறது. குடும்பப் படங்களும் இருக்கின்றன.

இந்நிலையில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுவார்கள். இல்லையேல் புதுக்கணினியின் விலையை விசாரிப்பார்கள். முதலாவதில் கோப்புகள் போய்விடலாம். இரண்டாவதில் பெற்றோரின் பணம் போகும். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. தொடக்கப்பள்ளியிலிருந்தே நீங்கள் படித்துவரும் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் இங்கே கைகொடுக்கும்: உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல்.

புதுப்பிப்பு ஏன் சிக்கலாகிறது?

இயங்குதளம் வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையில் நிற்கும் தரகர். ஒலி அட்டை, வைஃபை, திரை என ஒவ்வொரு பாகத்துடனும் பேச அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்தச் சிறு நிரலுக்கு இயக்கி என்று பெயர். புதுப்பிப்பின்போது தரகரின் பேச்சு கொஞ்சம் மாறுகிறது. பழைய பாகத்தைச் செய்த நிறுவனம் புதிய இயக்கி எழுதுவதை நிறுத்தியிருந்தால், அந்தப் பாகம் ஊமையாகிவிடும். பாகம் கெடவில்லை, பேச்சுத் தொடர்புதான் அறுந்திருக்கிறது.

சில நேரம் புதுப்பிப்பிலேயே பிழை இருக்கும். 2018 அக்டோபர் 2இல் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய சொந்தக் கோப்புகளை அழித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்து, பிழையைத் திருத்தி நவம்பர் 13இல் மீண்டும் வெளியிட்டது.

அப்படியானால் புதுப்பிப்பே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா? கூடாது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளிவந்திருந்தது.

முதல் படி: கோப்புகளைக் காப்பாற்று

கணினி எப்படியாவது திறக்கிறது என்றால், பழுதைத் தேடுவதற்கு முன் முக்கியக் கோப்புகளை விரலியிலோ மேகக் கணிமையிலோ படியெடுங்கள். வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற விநோத ஓசை வந்தால் மற்ற சோதனைகளை நிறுத்துங்கள். அது வன்தட்டு சாகும் அறிகுறியாக இருக்கலாம். ஒவ்வொரு மறுதொடக்கமும் அதன் நிலையை மோசமாக்கக்கூடும்.

இரண்டாம் படி: உற்றறி, எழுதிவை

'கணினி கெட்டுவிட்டது' என்பது உற்றறிதல் ஆகாது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை? எந்தப் பிழைச் செய்தி வருகிறது? திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். ஒரே மூச்சில் ஐந்து மாற்றங்கள் செய்தால், கணினி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கணினி மெதுவாக இருந்தால்

பெரிய புதுப்பிப்புக்குப் பின் கணினி பின்னணியில் கோப்புகளைப் பட்டியலிடும், இயக்கிகளைத் தேடும். பழைய கணினிகளில் இருக்கும் சுழலும் வன்தட்டில், தரவைத் தேடி முனை நகரவே ஏறக்குறைய 10 மில்லிவினாடி ஆகும். அதாவது வினாடிக்குச் சுமார் 100 தேடல்கள்தான். திண்ம நிலைச் சேமிப்பகமான எஸ்எஸ்டியால் வினாடிக்குப் பல்லாயிரம் தேடல்களைச் செய்ய முடியும். ஆகவே, பழைய கணினியை மின்னூட்டியில் செருகிச் சில மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

சேமிப்பிடம் நிரம்பியிருந்தாலும் வேகம் குறையும். ஆனால், அவசரத்தில் 'முந்தைய விண்டோஸ்' கோப்புறையை அழித்துவிடாதீர்கள். பெரிய புதுப்பிப்புக்குப் பின் பொதுவாக 10 நாள்களுக்குள் 'கோ பேக்' என்ற வசதியால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தக் கோப்புறைதான் திரும்பிச் செல்லும் பாலம்.

ஒரு பாகம் மட்டும் வேலை செய்யாவிட்டால்

'டிவைஸ் மேனேஜர்' பட்டியலைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ள பாகமே நமது சந்தேக நபர். அதன் பண்புகளில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்தினால் பழைய இயக்கி திரும்பும். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாதிரிக்கான இயக்கியைத் தேடுங்கள். முன்பின் தெரியாத தளங்களில் பதிவிறக்கம் செய்யாதீர்கள்.

கணினி திறக்கவே இல்லையென்றால்

விரலி, அச்சுப்பொறி என இணைத்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலுங்கள். அடுத்தடுத்து சில முறை தொடங்கத் தவறினால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அங்கே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' மூலம் கடைசிப் புதுப்பிப்பை நீக்கலாம். 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு நிலையில், மிக அவசியமான இயக்கிகளோடு மட்டும் கணினி தொடங்கும். அதில் ஒழுங்காக இயங்கினால், குற்றவாளி வன்பொருளாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஏதோவோர் இயக்கியோ மென்பொருளோதான் காரணம் என்று ஊகிக்கலாம்.

இது வீட்டுக்கு மட்டுமான வைத்தியம் அன்று. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் எனும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்தன. பல கணினிகளைத் தொழில்நுட்பர்கள் ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு நிலையில் திறந்து, பிழையான கோப்பை நீக்கித்தான் மீட்டார்கள்.

மீட்புத் திரை 48 இலக்க 'பிட்லாக்கர்' மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அது பெரும்பாலும் கணினி உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நலமாக இருக்கும்போதே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பின்னால் வந்ததெல்லாம் அதனால் வந்ததா?

ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால், முதலாவதுதான் காரணம் என்று நம் மனம் முடிவு கட்டிவிடும். ஓர் எடுத்துக்காட்டு: புதுப்பிப்புக்குப் பின் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை, எல்லாமே 'பாதுகாப்பற்றது' என்கின்றன. பழி புதுப்பிப்பின் மேல் விழுகிறது. ஆனால், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். அது பல ஆண்டுகள் பின்னால் இருந்தால், மேசைக்கணினியின் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். இணையத்தளச் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு. தவறான தேதியில் அவை செல்லாதவையாகத் தெரியும். பொதுவாக அந்த மின்கலத்தின் பெயர் சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சில ரிங்கிட்டில் முடியும் பழுது அது!

கடைசி ஆயுதம்

எதுவும் பலிக்காவிட்டால் மட்டும் 'ரீசெட்' செய்யலாம். 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சொந்தக் கோப்புகள் இருக்கும். நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் நீங்கிவிடும். அப்போதும் படியெடுக்காமல் தொடங்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. அதனால் அவை உடனே குப்பையாகிவிட வேண்டியதில்லை. லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களில் சில, குறைந்த நினைவகத்திலும் நன்றாக ஓடுகின்றன. வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தினால் பல கணினிகளுக்குப் புத்துயிர் கிடைக்கும்.

மாணவர்களே, அடுத்த புதுப்பிப்பு எப்போது வரும் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால், கோப்புகளைப் படியெடுக்கும் நாளை நாமே குறிக்கலாம். இந்த வாரமே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.