ஞாயிற்றுக்கிழமை நடுவர்

பிரிட்டனின் எரிக் லிடெல் ஓய்வுநாளில் ஓட மறுத்து 100 மீட்டர் பந்தயத்தைத் துறந்ததையும், 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தை 47.6 வினாடிகளில் முடித்துத் தங்கம் வென்றதையும் பலர் அறிவர். அப்போது அவருக்கு வயது 22. மறு ஆண்டே சீனாவுக்கு ஆசிரியராகச் சென்றார்.

எம் நெஞ்சில் நிற்பதோ பிந்தைய நிகழ்ச்சி. போர்க்காலத்தில், 1943இல், ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்து அங்கிருந்த பிள்ளைகளுக்கு அவர் அறிவியல் கற்பித்தார், வேதம் போதித்தார், ஞாயிறு நீங்கலாக விளையாட்டுகளையும் நடத்தினார். ஒரு ஞாயிறன்று நடுவரின்றி ஹாக்கி ஆடிய பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டனர். உலகமே வற்புறுத்தியும் தளர்த்தாத விதியை, அவர்களுக்காக லிடெல் தளர்த்தினார். பின்வந்த ஞாயிறு அவரே நடுவராக நின்றார்.

1945 பிப்ரவரியில், மூளைக் கட்டியால், முகாம் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. கனடாவிலிருந்த மனைவிக்கு அன்றும் ஒரு கடிதம் எழுதியிருந்தார்.