ஸாவி (ஆங்கிலச் சொல்)

ஸாவி என்பது நடைமுறை அறிவு, காரியம் அறிந்து செயல்படும் சாமர்த்தியம் ஆகிய பொருள்களைத் தரும் ஆங்கிலச் சொல்லாகும். ஏட்டுப் படிப்பால் வரும் அறிவை இது குறிப்பதில்லை. சந்தையில் பொருளின் தரத்தையும் விற்பவரின் மனத்தையும் ஒருசேர எடைபோடத் தெரிந்தவரிடம் இருப்பதே ஸாவி. இன்று கணினி முதலிய கருவிகளை எளிதாகக் கையாள்பவரை 'டெக் ஸாவி' என்கின்றனர். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் பாராட்டாக வரும் இச்சொல், ஒரு காலத்தில் அடிமைகளும் மாலுமிகளும் பேசும் கொச்சை என்றே கருதப்பட்டது.

சொற்பிறப்பு

'அறிதல்' என்னும் பொருளில் போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகளில் வழங்கும் வினைச்சொல் 'சபேர்'. அதிலிருந்து வருவது 'சாபே', 'தெரியுமா?' என்று மரியாதையாகக் கேட்கவும் இதுவே பயன்படும். பிரெஞ்சு மொழியின் 'சவே' என்னும் வடிவமே மூலம் என்று கருதுவோரும் உண்டு. எப்படியாயினும் இம்மூன்று மொழிகளின் சொற்களும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. ஸ்பானிய மொழியில் இரு உயிரொலிகளுக்கு இடையே வரும் 'ப' ஒலி இதழ்கள் முழுதும் மூடாமல், 'வ' போலவே கேட்கும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

15ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையை அடைந்தன. மொழி தெரியாத இருவர் வணிகம் செய்ய நேர்ந்தால் முதலில் எழும் கேள்வி, 'புரிகிறதா?' என்பதுதானே! அந்தக் கேள்விக்கான சொல் துறைமுகங்களின் கலப்பு மொழிகளில் வேரூன்றியது. பின்னர் அடிமை வணிகத்தின் வழியே அட்லாண்டிக் கடலைக் கடந்து கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் வழங்கலாயிற்று.

1785இல் இலண்டனில் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில் இச்சொல் சற்று வேறான எழுத்துக்கூட்டலுடன் இடம்பெற்றது. தனக்குத் தெரியாது என்று ஓர் அடிமை தன் எஜமானிடம் கூறுவதே அங்கு தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு. அறிவைக் குறிக்கும் சொல்லுக்கு, அறியாமையை ஒப்புக்கொள்ளும் வாக்கியம் சான்றாக அமைந்தது வேடிக்கைதான். எனினும் அந்தத் தோட்டங்களில் 'தெரியாது' என்று சொல்லத் தெரிந்திருப்பதும் ஒரு சாமர்த்தியமாகவே இருந்திருக்கும்.

இலத்தீன் வேர்ச்சொல்லான 'சபேரே' என்பதற்குச் சுவைத்தல் என்பது பழம்பொருள். நாவால் வேறுபாடு அறிவதிலிருந்து மனத்தால் வேறுபாடு அறிவதற்குப் பொருள் நீண்டது. சுவையற்றது எனப் பொருள்படும் 'இன்சிப்பிட்', 1758இல் லின்னேயசு மனித இனத்துக்குச் சூட்டிய 'ஹோமோ சேப்பியன்சு' என்னும் பெயரின் பின்பகுதி ஆகிய இரண்டும் இவ்வேரிலிருந்து வந்தவையே.

தமிழிலுள்ள 'சாவி' என்னும் சொல்லும் போர்த்துக்கீசியர் வழி வந்ததே. ஒலி ஒத்திருப்பதால் மாணவர்கள் இரண்டையும் இணைத்துவிடக் கூடாது. அது திறவுகோலைக் குறிக்கும் 'ஷாவே' என்னும் சொல்லின் திரிபு. அதன் வேர் வேறு. சாவி, சன்னல், அலமாரி, மேசை எனத் தமிழ் போர்த்துக்கீசியரிடமிருந்து பெரும்பாலும் பொருட்பெயர்களையே பெற்றது.

வழக்கு

நைசீரியாவின் கலப்பு ஆங்கிலத்தில் 'சாபி' என்றும், பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியில் 'சாவே' என்றும் இச்சொல் 'அறி' என்னும் பொருளில் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. ஆங்கிலத்தில் வினையாகவும் பெயராகவும் இருந்த இது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயரடையும் ஆயிற்று. 2003இல் வெளிவந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' திரைப்படத்தில் கடற்கொள்ளையன் ஜாக் ஸ்பாரோ, 'புரிந்ததா?' என்னும் பழைய பொருளிலேயே இதைக் கையாள்கிறான்.

தமிழில் 'சமயோசிதம்', 'பட்டறிவு' ஆகியவற்றை இணையாகக் கூறுவதுண்டு. முன்னது நெருக்கடி நேரத்து அறிவையும், பின்னது அனுபவத்தால் வரும் அறிவையும் மட்டுமே சுட்டும். 'விவரமான ஆள்' என்னும் பேச்சு வழக்கே ஸாவிக்கு மிக நெருங்கியது. அந்த 'விவரம்' என்னும் சொல்லில் பாராட்டுடன் ஒரு சிட்டிகை எச்சரிக்கையும் கலந்திருக்கும். ஆங்கிலச் சொல்லில் அது அவ்வளவாக இல்லை.